பாணுக்கு ஓடிய கார், பெண் கேட்க ஓடவில்லை

பென்சன் எடுத்த மெக்கானிக்கை ஒஸ்லோவில் ஒருவரும் சும்மா இருக்க விடமாட்டார்கள். போன கிழமை நான் கார் திருத்தும் வேலை செய்த கராச்சிலிருந்து ஒரு பெடியன் போன் எடுத்தான். புத்தம் புது மின்சாரக் கார் ஒன்று அசையாமல் நிற்கிறதாம். கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்தால், கார் அதோடும் கதைக்க மாட்டேன் என்கிறதாம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"பெரிய பற்றரியை விடு. அதுக்குள்ள ஒரு சின்னப் பன்னிரண்டு வோல்ற் பற்றரியும் இருக்கும். அதின்ரை கிளாம்பைக் கையால ஒருக்கா ஆட்டிப் பார்" என்றேன்.

ஆட்டினான். கார் கண் விழித்தது.

"பார்க்காமலே எப்பிடி அண்ணை சொன்னனீங்கள்?"

"எல்லாம் என்ரை சம்பந்தியிட்டைப் படிச்சது."

"அவர் இஞ்சினியரோ?"

"இல்லை. பேக்கரியில வேலை செய்தவர்."

பெடியன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பகிடிதான், ஆனால் பொய் இல்லை. அன்று பின்னேரமே சம்பந்திக்குப் போன் எடுத்து, அந்தக் கதையை எழுதட்டோ என்று கேட்டேன். முதலில் அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "என்ரை பெயரை மாத்திப்போடும். மனிசி வாசிக்காமல் பார்த்துக்கொள்ளும்" என்றார். முதலாவதைச் செய்துவிட்டேன், இந்தக் கட்டுரையில் அவர் தர்மலிங்கம். இரண்டாவதற்கு நான் பொறுப்பில்லை. தமிழில் அச்சடித்த பலகாரக் கடைப் பையைக் கூட விரித்து வாசிக்கிற பெண்மணி அவர்.

நான் பிறவி மெக்கானிக் இல்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய் அளந்து கொடுத்தவன். நோர்வேக்கு வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க வேலை செய்து, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, மொழி வகுப்பு, தொழிற்பயிற்சி என்று அலைந்து, நகரின் தெற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கராச்சில் சேர்ந்தேன். என் கல்வி வரலாறு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஆர்னெ.

ஆர்னெ எங்கள் மேலாள். ஆள் நெடுவல். கதை குறைவு, கோப்பி கூட. ஸ்ராட் ஆகாத கார் ஒன்று வந்தால் நாங்கள் எல்லாரும் பொனற்றைத் திறக்க ஓடுவோம். அவர் ஓடமாட்டார். முதலில் சாரதி இருக்கையில் போய் இருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரைப் போலவே கொஞ்ச நேரம் முழிப்பார். பிறகு முன் விளக்கைப் போட்டு, என்னைக் காருக்கு முன்னால் நிற்கச் சொல்லி, கார்ச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, திருகுவார்.

"விளக்கு என்ன செய்தது?"

இதுதான் அவருடைய முதல் கேள்வி. திருகும்போதும் விளக்கு அப்படியே எரிந்தால், மின்சாரம் ஸ்ராட்டருக்குப் போகவே இல்லை. சுவிச்சையும் சின்ன வயர்களையும் பார். மெல்ல மங்கினால் பற்றரிக்குப் பசி. பட்டென்று செத்து, திறப்பை விட்டதும் திரும்ப உயிர் வந்தால், எங்கோ ஒரு பொருத்து சரியில்லை. விளக்குக்குத் தேவையான சொற்ப மின்சாரம் கெட்ட பொருத்துக்குள்ளாலும் கசிந்து வந்துவிடும். ஸ்ராட்டருக்கோ வாளி வாளியாக வேண்டும். கேட்டவுடன் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதற்குப் பிறகுதான் மீற்றர். அதையும் கார் சும்மா நிற்கும்போது வைத்தால் கையில் தட்டுவார். "சும்மா நிற்கும்போது எல்லாரும் நல்லவர்கள்தான். வேலை கொடுத்துவிட்டு அள." ஒருவர் திறப்பைத் திருகவேண்டும். மற்றவர் மீற்றரின் ஒரு ஊசியைப் பற்றரியின் ஈயக் குமிழிலும், மற்ற ஊசியை அந்தக் குமிழைக் கவ்வியிருக்கிற கிளாம்பிலும் வைக்கவேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு உலோகத்துக்கு நடுவில் என்ன வோல்ற் வரப்போகிறது என்று நானும் கேட்டேன். வரக்கூடாது. வந்தால் கள்ளன் அங்கேதான் ஒளிந்திருக்கிறான். இப்படியே கிளாம்பிலிருந்து வயர், வயரிலிருந்து ஸ்ராட்டர், எஞ்சினிலிருந்து காரின் இரும்பு உடலான பொடி என்று ஒவ்வொரு பொருத்தாக விசாரித்துக்கொண்டு போகவேண்டும்.

கராச்சில் ஒரே ஒரு கேள்விக்குத் தடை இருந்தது. 'இதை யார் செய்தது?' என்று ஒருவரும் கேட்கக்கூடாது. "இக்கெ வெம். வூர்" என்பார். யார் என்று அல்ல, எங்கே என்று கேள். பிழைக்கு ஆள் தேடத் தொடங்கினால் இடத்தைக் கோட்டை விட்டுவிடுவாய் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சி எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு நாள் கண்டேன். ஒரு நோர்வேஜியக் கிழவனார், மனைவி சகிதம், தன் பழைய காரை இழுத்துக்கொண்டு வந்தார். கார் அவருக்குப் பிள்ளை மாதிரி. கோடை முழுக்க எஞ்சினைச் சுற்றி வெள்ளிப் பெயின்ற் அடித்து மினுக்கியிருந்தார். ஸ்ராட் ஆகவில்லை. ஆர்னெ மீற்றரைக் கிழவனாரின் கையிலேயே கொடுத்து, ஒவ்வொரு பொருத்தாக அளக்க வைத்தார். பற்றரியின் எர்த் வயர் பொடியில் பூட்டுப்படுகிற இடத்தில் எண் துள்ளி எழும்பியது. கழற்றிப் பார்த்தால் வயருக்குக் கீழேயும் தடிப்பாக வெள்ளிப் பெயின்ற். அழகு பார்த்து அடித்த பெயின்ற் மின்சாரத்துக்கு மதில் கட்டிவிட்டது. கிழவனாரின் காது இரண்டும் சிவந்தன. மனைவி எட்டிப் பார்த்து, "என்ன பிழை?" என்றார். ஆர்னெ கிழவனாரைப் பார்த்தார்.

"ருஸ்த்" என்றார். துரு.

அவர்கள் போன பிறகு, அது பெயின்ற் அல்லவா என்று நான் கேட்டேன். ஆர்னெ கோப்பியை ஒரு மிடறு குடித்தார். "அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியவேண்டும்?" அன்றைய பங்குக்கு அவர் நிறையவே பேசிவிட்டார்.

இனித் தர்மலிங்கம் அண்ணைக்கு வருகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் கடைசிப் பக்கம். என் மகள் ஆரணி துரொண்ட்ஹெய்மில் படிக்கப் போன இடத்தில் கஜன் என்ற பெடியனைக் கண்டு பிடித்துக்கொண்டாள். எனக்கும் மனைவி மலருக்கும் பெடியனைப் பிடித்திருந்தது. கஜனின் தகப்பன்தான் தர்மலிங்கம் அண்ணை, தாய் புவனா அக்கா, ஒஸ்லோவிலேயே ஹவுகெட்டோவில் வீடு. சாதகம் பொருந்தியது. இனி முறைப்படி மாப்பிள்ளை வீட்டார் ரொம்மெனில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து கதைத்து முற்றாக்கவேண்டியது மட்டும்தான் பாக்கி. நல்ல நாள் பார்த்தார்கள். மலர் விடியவே வடை, பயற்றம் பணியாரம் என்று சுடத் தொடங்கிவிட்டாள்.

அவர்கள் வரவில்லை. கார் ஸ்ராட் ஆகவில்லையாம்.

கார் என்றால் எண்பதுகளில் பிறந்த ஒரு ஜப்பான் கார். தர்மலிங்கம் அண்ணை நோர்வேயில் முதன்முதல் வாங்கியது. மாற்ற மனம் வரவில்லை. ரயிலில் வரலாமே என்று மலர் கேட்டதற்கு, "நல்ல காரியத்துக்கு ரிக்கற் எடுத்துக்கொண்டு வாறதோ?" என்றாராம். யாராவது ஒருவரின் காரில்? "இரவல் காரில சம்பந்தம் பேசுறதோ?" சரி, நான் வந்து காரைப் பார்க்கிறேன் என்றேன். "பெண் வீட்டாரிட்டைக் காரைத் திருத்தக் குடுத்துப்போட்டுப் பெண் கேக்கிறதோ?" இந்த மனிதனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு 'தோ' இருந்தது. நாங்கள் ஒரு கிழமையாகப் பயற்றம் பணியாரம் தின்றோம்.

இன்னொரு நல்ல நாள் வந்தது. கார் திரும்பவும் செத்தது. தர்மலிங்கம் அண்ணை புதுப் பற்றரி வாங்கிப் போட்டார். போட்டுவிட்டு ஒரு வார்த்தையும் சொன்னார்: மூன்றாந்தரமும் நின்றால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தெய்வம் சொல்லுகிறது, தான் அதைக் கேட்டு நடக்கப் போவதாக.

ஆரணி கொதித்தாள். "இது முழுத் தூல், அப்பா!" என்றாள். தூல் என்றால் நோர்வேஜிய மொழியில் விசர்க்கதை. ஆனால் கஜன் தகப்பன் சொல்லைத் தாண்டமாட்டான், இவள் கஜனை விடமாட்டாள். இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் பிள்ளை இரவிரவாக அழுததை நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்து கேட்டேன். தொழிலில் எத்தனையோ காரைப் பார்த்தவன் நான். ஒரு காரைப் பார்த்துப் பயந்தது அந்த ஒரு தரம்தான்.

மூன்றாவது நல்ல நாள், ஒரு ஞாயிறு. மலருக்குப் புத்தி வந்திருந்தது. "மா குழைச்சு வைக்கிறன். வாசலில கார்ச் சத்தம் கேட்டாப் பிறகுதான் சுடுவன்" என்றாள். அடுப்பு மூட்டவில்லை. போன் அடித்தது. கஜன்.

"மாமா, அது திரும்பவும்..." குரல் உடைந்துவிட்டது. "நீங்கள் சாமான் பெட்டியோட வாங்கோ மாமா. அப்பா ஏசினா ஏசட்டும்."

கட்டியிருந்த பட்டு வேட்டியோடு, மேலே குளிர் ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு, சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டுக்கு ஸ்பானரோடு போன முதல் பெண்ணின் தகப்பன் நானாகத்தான் இருக்கவேண்டும்.

ஹவுகெட்டோவில் கார்கள் நிறுத்தும் இடத்தில், கார்த்திகை மாதத்து ஈரக் குளிருக்குள், தர்மலிங்கம் அண்ணை நின்றார். அவரும் பட்டு வேட்டி, குளிர் ஜாக்கெட். எங்கள் இருவரையும் பார்த்து, நாயோடு போன ஒரு நோர்வேஜியப் பெண் இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார். காருக்குள் புவனா அக்கா, கூறைச் சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்து, மடியில் வெற்றிலைத் தட்டம்.

"வாங்கோ தம்பி. நீங்கள் வந்தது சந்தோசம். ஆனா உந்தப் பெட்டியைத் திறக்காதேங்கோ. இது கார்ப் பிழை இல்லை."

"பின்னை?"

"பாணுக்குப் போகேக்கை ஒரு நாளும் நிண்டதில்லை. விடியப்புறம், பனிக்குள்ள, தொட்ட உடனை ஓடுது. பெண் கேக்க வெளிக்கிட்டா மட்டும் சாகுது. மூண்டு தரம்! புதுப் பற்றரியும் போட்டாச்சு. தெய்வம் இதுக்கு மேல என்னெண்டு சொல்லுறது? தந்தி அடிக்கிறதோ?"

பாண், அதாவது ரொட்டி, சுடுகிற பேக்கரிக்கு வேலைக்குப் போவதைத்தான் அவர் 'பாணுக்குப் போறது' என்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன். பிறகு ஆர்னெயின் நெடிய முகம் ஞாபகம் வந்தது.

"அண்ணை, பாணுக்குப் போற நாளுக்கும் பெண் கேக்கிற நாளுக்கும் என்ன வித்தியாசம்?"

"என்ன வித்தியாசம்? நல்ல காரியத்துக்குச் சாமி கும்பிட்டு வெளிக்கிடுவம். அவ்வளவுதான்."

எனக்கு அப்போதும் பொறி தட்டவில்லை. "சரி அண்ணை, நான் உங்கடை காரைத் தொடமாட்டன். நீங்களே ஊசியைப் பிடியுங்கோ. தெய்வம் சொல்லுறதை மீற்றரிலயும் ஒருக்காக் கேட்டுப் பார்ப்பம்" என்றேன். பெண் வீட்டான் தொடவில்லை என்றதும் அவர் மனம் கொஞ்சம் இளகியது. கஜனைக் கோப்பி போட மேலே அனுப்பினேன். விசாரணைக்கு ஆட்கள் குறைவாக இருப்பது நல்லது. புவனா அக்கா தட்டத்தோடு சாரதி இருக்கைக்கு மாறினார். கியர் நியூட்றலில் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன். மூன்றாந்தரம் நின்றதோடு போகட்டும், சம்பந்தி அம்மா எங்கள் மேல் காரை ஏற்றவும் வேண்டாம்.

முன் விளக்கைப் போட்டு, திருகச் சொன்னேன். டக் என்று ஒரு சத்தம். விளக்குப் பட்டென்று செத்தது. திறப்பை விட்டதும் ஒன்றும் நடக்காதது போல எரிந்தது. என் நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. தெய்வம் சொன்னாலும் சரி, பேய் சொன்னாலும் சரி, இது பொருத்து.

முதலில் பற்றரியின் இரண்டு ஈயக் குமிழிலும் ஊசிகளை வைக்கச் சொன்னேன். புவனா அக்கா திருகினார். எண் பன்னிரண்டரையிலிருந்து அசையவில்லை.

"பற்றரி நல்லாயிருக்கு அண்ணை. ஆனா அதை வேலைக்கு ஆரோ விடுகினம் இல்லை. இப்ப ஒரு ஊசியைக் குமிழிலயும் மற்றதைக் கிளாம்பிலயும் வையுங்கோ. பூச்சியம்தான் வரவேணும்."

"திருகும் புவனா!" என்றார்.

பதினொன்று.

தர்மலிங்கம் அண்ணை மீற்றரைப் பார்த்தார். கிளாம்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் பத்தாம் நம்பர் ஸ்பானரை நீட்டினேன். எதிர் வயரை முதலில் கழற்றி, பிறகு மற்றதற்கு வந்தார். தினமும் கழற்றிப் பழகியவர் போல அவர் கை தானாக வேலை செய்வதை அப்போதுதான் கவனித்தேன். கிளாம்பைத் தூக்கினார்.

ஈயக் குமிழ் முழுக்க மஞ்சள் காப்பு. நடுவில் சிவப்பாகக் குங்குமம். கோயிலில் அபிசேகம் முடிந்த மாதிரி அந்த இடம் முழுக்கச் சந்தனம் மணந்தது.

"அண்ணை..." என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கோயிலில ஐயர் சந்தனப் பொட்டைப் பொனற்றுக்கு மேலதான் வைச்சவர். காரின்ரை உயிர் பற்றரியெல்லோ தம்பி. அதுவும் உந்தக் கிளாம்பைத் தொப்பி மாதிரிப் போட்டுக்கொண்டிருக்கு. தொப்பிக்கு மேல ஆரும் பொட்டு வைக்கிறதோ? கழட்டி, கழுவி, தலையில வைச்சுப்போட்டுத் தொப்பியைப் போட்டு விட்டனான். ஒரே மகன்ரை விசயம்."

"பிறகு பாணுக்கு எப்பிடி ஓடினது?"

"அடுத்த நாள் விடிய எடுத்துத் துடைச்சுப்போடுவன். வாடின சந்தனம் கிடக்கக்கூடாதெல்லோ." கொஞ்சம் நிறுத்தினார். "முதல் தரம் நிண்டதெண்டு அடுத்த தரம் கொஞ்சம் கூட வைச்சனான். இண்டைக்கு அதிலயும் கூட."

எனக்குச் சிரிப்புத் தொண்டை வரை வந்துவிட்டது. வந்த சிரிப்பை நான் விட்டிருந்தால் என் மகளின் கலியாணம் அந்தக் கார் நிறுத்தும் இடத்திலேயே முடிந்திருக்கும். ஏனென்றால் அந்த மனிதனின் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதமாக வீட்டாருக்கும் ஊராருக்கும் தெய்வத்தின் குரலை மொழிபெயர்த்துச் சொன்னவர். அந்தக் குரல் தன் கையாலேயே குழைத்துப் பூசியது என்று இப்போது தெரிந்துவிட்டது. பாவமாக இருந்தது. மகனுக்காகப் பூசியவர்தானே, நானும் மகளுக்காகத்தானே வேட்டியோடு ஓடி வந்தேன்.

காருக்குள்ளிருந்து புவனா அக்கா கேட்டார்: "என்னவாம் பிழை?"

தர்மலிங்கம் அண்ணை என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தரமாக நேரே பார்த்தார்.

"துரு அக்கா" என்றேன். "சரியான துரு."

"ஓம், துரு" என்றார் அவர், நான் முடிக்க முன்னமே.

"போன மாசம் வாங்கின பற்றரியிலயோ?"

"நோர்வேத் துரு அப்பிடித்தான் புவனா. குளிருக்குக் கெதியாப் பிடிக்கும்."

வயர் புருசால் நான் சுரண்ட, அவர் தன் பட்டுச் சால்வையையும் பாராமல், கைலேஞ்சியால் துடைத்தார். பூட்டினோம். "இறுக்குங்கோ அண்ணை, இன்னும் கொஞ்சம்." புவனா அக்கா திருகினார். அந்தக் கிழட்டுக் கார் பெற்ற பிள்ளையைக் கண்ட மாதிரிக் கத்திக்கொண்டு எழும்பியது. கோப்பிக் கோப்பைகளோடு வந்த கஜன் படியிலேயே நின்று அழுதான். கோப்பியை நான்தான் குடித்தேன்.

ரொம்மெனில் கார்ச் சத்தம் கேட்டதும் மலர் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். தர்மலிங்கம் அண்ணை எங்கள் வரவேற்பறையில் வந்து இருந்து, கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெற்றியிலிருந்து மூக்கு வரை மஞ்சள் கோடு ஒன்று விழுந்தது. எங்கள் ஆட்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். பேச்சு அரை மணித்தியாலத்தில் முற்றானது. ஆரணி தேத்தண்ணி கொடுக்க வந்தபோது, "பிள்ளை, தடங்கல் எல்லாம் துருதான். துடைச்சாச்சு" என்று பெரிய தத்துவம் போலச் சொன்னார். கலியாணத்தன்று விடிய என்னை மறைவாகக் கூப்பிட்டு, பொனற்றைத் தூக்கிக் காட்டினார். பற்றரியின் பிளாஸ்ரிக் பெட்டியில், கிளாம்புக்கு ஒரு சாண் தள்ளி, அடக்கமாக ஒரு சின்னப் பொட்டு. "இடம் சரியோ தம்பி?" என்றார். கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. "திறம் அண்ணை" என்றேன்.

இன்னொரு விசயம் பாக்கி இருக்கிறது. பேசி முற்றாக்கிய அன்று, மிச்ச வடையை எடுக்க நான் குசினிக்குப் போனேன். பின்னாலேயே புவனா அக்கா வந்தார். கையில் அந்தக் கைலேஞ்சி. கழுவுவதற்காக வாங்கி வைத்திருந்தார். அதை ஒருக்கால் மூக்கருகே கொண்டுபோனார்.

"தம்பி, மூண்டு தரமும் சந்தனம் குழைச்சுக் குடுத்தது நான். நோர்வேத் துரு இப்பிடி மணக்குமெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

நான் ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

இத்தனை வருசமும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவரோ மனைவிக்குத் தெரியாது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் இட்ட நிபந்தனையைத்தான் தொடக்கத்திலேயே சொன்னேனே. இனி இந்தக் கட்டுரை அச்சாகி வந்தால், இருவரும் ஹவுகெட்டோ வீட்டில் ஒரே சோபாவில் இருந்து, அண்ணையிடம் கண்ணாடி இல்லாதபடியால் புவனா அக்கா உரத்து வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அந்தப் பின்னேரம் என் போன் வேலை செய்யாது. ஏன் என்று யாராவது கேட்டால், துரு என்று சொல்லுங்கள்.